மாத்திரையை நிறுத்திவிடுவார்கள் என்று கையை மறைக்கும் அம்மா

கேள்வி:

அன்புள்ள சிஸ்டர், என் அம்மாவுக்கு வயது 54. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் காலை இட்லிக் கடை போடுகிறார். பெருங்குடலில் கேன்சர் என்று ஜனவரியில் ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு கேபெசிட்டபின் 500 மாத்திரை கொடுத்தார்கள். காலையில் மூன்று, ராத்திரி மூன்று. 14 நாள் சாப்பிட்டு 7 நாள் இடைவெளி. மொத்தம் 8 சுற்று. இப்போது மூன்றாவது சுற்றில் 11 நாள் முடிந்திருக்கிறது. முதலில் உள்ளங்கையும் உள்ளங்காலும் கருத்தன. இப்போது எரிகிறது, தோல் உரிகிறது. போன வாரம் வலது கைப் பெருவிரலுக்குக் கீழே கொப்புளம் வந்து உடைந்துவிட்டது. ஜாக்கெட் கொக்கியை நான்தான் மாட்டிவிடுகிறேன். சித்தி வந்து ‘உடம்புச் சூடு’ என்று சொல்லி மருதாணிக் கோன் வாங்கிப் போட்டுவிட்டுப் போனார். ரேஷன் கடையில் மெஷின் அம்மாவின் கைரேகையை எடுக்கவே இல்லை. டாக்டரிடம் சொல்லலாம் என்றால், ‘சொன்னா மாத்திரையை நிறுத்திடுவாரு, நோய் திரும்ப வந்துடும்’ என்று அழுகிறார். நேற்று தலையணை உறைக்குள் 11 மாத்திரை கிடைத்தது. ராத்திரி மூன்றுக்குப் பதில் இரண்டுதான் சாப்பிட்டிருக்கிறார். நானும் தம்பியும் என்ன செய்வது? எங்கள் தெருவில் ஒரு அண்ணனுக்கு நுரையீரல் கேன்சர் மாத்திரையால் முகமெல்லாம் பரு. அம்மாவுக்கு நீங்கள் சொல்லும் க்ரீமே அவருக்கும் ஆகுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த 11 மாத்திரைக்கு வருகிறேன். 11 நாளில் 11 மாத்திரை மிச்சம் என்றால், இந்தச் சுற்றின் முதல் ராத்திரியே அம்மா ஒன்றை எடுத்து ஒளித்துவிட்டார். அப்படியானால் வலி இந்தச் சுற்றில் வந்தது இல்லை. இரண்டாவது சுற்றிலேயே தாங்க முடியாமல் போயிருக்கிறது. இடைவெளி நாட்களில் கொஞ்சம் ஆறியதும் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவதைத் தொடங்கியிருக்கிறார். தானாகவே மருந்தைக் குறைத்தும் கொப்புளம் வந்துவிட்டது. இந்த விவரம் டாக்டருக்குக் கட்டாயம் போக வேண்டும். அவர் கணக்கில் அம்மா ஒரு நாளைக்கு 6 மாத்திரை சாப்பிடுகிறார். உண்மையில் போனது 5. எவ்வளவு குறைக்கலாம் என்று அவர் 6-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் அந்தக் கணக்கே தப்பாகிவிடும்.

இதற்காக அம்மாவைத் திட்ட வேண்டாம். என்னுடைய வார்டில் 22 வருடமாகக் கீமோ கொடுக்கிறேன். மாத்திரையை அரிசிப் பானையில் போட்டவர், சாமி படத்துக்குப் பின்னால் வைத்தவர், பேரனிடம் கொடுத்து வாய்க்காலில் எறியச் சொன்னவர் என்று எல்லோரையும் பார்த்தாயிற்று. உங்கள் அம்மா பரவாயில்லை, பத்திரமாகத்தான் வைத்திருந்திருக்கிறார்.

இன்றைக்கே சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்குப் போன் போடுங்கள். அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காதீர்கள். ‘கை கால் எரியுது’ என்று மட்டும் சொன்னால் போதாது. போனை எடுப்பவர் ‘க்ரீம் தடவுங்க’ என்று சொல்லி வைத்துவிட வாய்ப்பு உண்டு. இப்படிச் சொல்லுங்கள்: ‘கேபெசிட்டபின் மூன்றாவது சுற்று, 11 நாள் முடிஞ்சிருக்கு. உள்ளங்கையில கொப்புளம் வந்து உடைஞ்சிருக்கு. ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல. ராத்திரி டோஸ்ல ஒண்ணு குறைச்சுத்தான் சாப்பிட்டிருக்காங்க.’ இதைக் கேட்ட யாரும் ‘சரி, அடுத்த மாசம் வாங்க’ என்று சொல்ல மாட்டார்கள். பெரும்பாலும் ‘மாத்திரையை இப்போதே நிறுத்துங்கள், நேரில் வாருங்கள்’ என்பார்கள். கூடவே வயிற்றுப்போக்கு இருக்கிறதா, வாயில் புண் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, நெஞ்சு வலி உண்டா என்றும் கேட்பார்கள். வழக்கத்தைவிட நாலைந்து முறை கூடுதலாக வெளிக்குப் போகிறது என்றாலோ, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டாலோ, நெஞ்சு வலித்தாலோ போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டாம், வண்டி பிடித்துப் போய்விடுங்கள்.

அம்மா பயப்படும் அந்த ‘நிறுத்திடுவாரு’வைப் பற்றிச் சொல்கிறேன். அவர் சொல்வது பாதி சரி. நிறுத்துவார்கள்தான். ஆனால் அந்த நிறுத்தம் சில நாளைக்கு, மிஞ்சினால் இரண்டு மூன்று வாரத்துக்கு. தோல் ஆறி, கை வேலை செய்யும் நிலைக்கு வந்ததும் மறுபடி தொடங்குவார்கள். எத்தனையாவது தடவை வந்தது, எவ்வளவு கடுமை என்று பார்த்துப் பழைய அளவிலேயோ முக்கால் அளவிலேயோ கொடுப்பார்கள். இந்த மாத்திரைக்கு இப்படி நிறுத்தி, குறைத்து, தொடர்வதுதான் முறை. மருந்து சந்தைக்கு வந்த காலத்திலிருந்தே அதன் குறிப்பேட்டில் எந்த நிலையில் எவ்வளவு குறைப்பது என்று அட்டவணை போட்டுத்தான் வருகிறது. தேவைப்பட்டபோது அளவைக் குறைத்துக்கொண்டவர்களிடம் மருந்தின் பலன் குறையவில்லை என்றுதான் ஆய்வுகளிலும் தெரிந்திருக்கிறது. பலன் கெடுவது எப்போது என்றால், சொல்லாமல் கொள்ளாமல் தாங்கிக்கொண்டே போய், பாதம் முழுக்க வெடித்து, தொற்று ஏறி, ஐந்தாவது சுற்றில் ‘இனி இந்த மாத்திரையே வேண்டாம்’ என்று டாக்டர் கைவிடும்போது. இன்று ஒரு வாரம் விட்டால் 8 சுற்றையும் முடிக்க வழி இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொல்லிக் கேட்காவிட்டால் வார்டு சிஸ்டரை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மகள் சொல்லி நம்பாததை வெள்ளைச் சேலைக்காரி சொன்னால் நம்புவார்கள். எங்களுக்கு இப்போது சேலை போய்ச் சுடிதார் வந்துவிட்டது, ஆனாலும் நம்புகிறார்கள்.

விட்ட மாத்திரைகளைச் சேர்த்து வைத்து அப்புறம் சாப்பிடக் கூடாது. அது போனது போனதுதான். அந்த 11-ஐயும் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் ஒரு கவரில் போட்டு மருத்துவமனை ஃபார்மஸியில் திருப்பிக் கொடுங்கள். உடைந்த மாத்திரையை வெறுங்கையால் தொடாதீர்கள். முழு மாத்திரையைத் தொட்டாலும் கை கழுவிக்கொள்ளுங்கள். முக்கால் அளவு என்று சொன்னதும் வீட்டில் கத்தியை எடுத்து மாத்திரையை வெட்டக் கூடாது. அதற்கென்றே 150 மில்லிகிராம் சிறிய மாத்திரை இருக்கிறது. 500-உம் 150-உம் ஒரே பையில் வந்தால் அட்டையைப் பார்த்துத் தனித்தனி டப்பாவில் போட்டு வையுங்கள். இரண்டையும் மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

சரி, இது ஏன் உள்ளங்கையைத் தேடி வருகிறது? நாம் விழுங்குவது அப்படியே வேலை செய்யும் மருந்து இல்லை. உடம்புக்குள் போய்ப் படிப்படியாக மாறி, கடைசியில் 5-எஃப்யூ என்கிற பழைய கீமோ மருந்தாகிறது. அந்தக் கடைசி மாற்றத்தைச் செய்யும் என்சைம் கட்டியில் அதிகம் இருக்கிறது. அதனால்தான் இந்த மாத்திரையையே கண்டுபிடித்தார்கள். ஆனால் அதே என்சைம் உள்ளங்கைத் தோலிலும் நிறைய இருக்கிறது. அங்கே வியர்வைச் சுரப்பிகளும் அதிகம், செல்கள் வேகவேகமாகப் புதுப்பிக்கப்படுகின்றன, போதாக்குறைக்கு நாள் முழுக்க அழுத்தமும் உரசலும் சூடும். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்துவிடுகிறது. ஹேண்ட் ஃபுட் சிண்ட்ரோம் என்று கேஸ் ஷீட்டில் எழுதுவோம். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதோ ஒரு அளவில் வருகிறது. உங்கள் அம்மா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ, பத்தியம் தவறியதாலோ வந்தது கிடையாது. சித்தி சொல்லும் ‘உடம்புச் சூட்டை’ நான் கேலி செய்ய மாட்டேன். கையைத் தொட்டால் உண்மையிலேயே கொதிக்கும். ஆனால் அந்தச் சூடு மாத்திரையிலிருந்து வருகிறது, மோர் குடித்து இறக்க முடியாது.

நீங்கள் எழுதியதில் ‘முதலில் கருத்தன’ என்ற ஒரு வார்த்தை என்னை நிறுத்திவிட்டது. எங்கள் பாடப் புத்தகத்தில் ‘உள்ளங்கை சிவக்கும்’ என்றுதான் இருக்கும். படமும் வெள்ளைக்காரர்கள் கைதான். நம் ஊர்க் கையில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. ரேகைக் கோடுகள் மையால் வரைந்த மாதிரி கருக்கும், விரல் கணுக்கள் கருக்கும், நகத்தில் கோடு விழும், சிலருக்கு நாக்கில் புள்ளி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வருடம், பூக்கட்டும் அம்மா ஒருவர் வந்தார். ‘நார் இழுத்தா விரல் சுருக்குனு இருக்கு சிஸ்டர்’ என்றார். கையைத் திருப்பிப் பார்த்தேன், சிவப்பு இல்லை. சாதாரணம் என்று எழுதி அடுத்த சுற்று மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன். பத்தே நாளில் மகன் தூக்கிக்கொண்டு வந்தான். பாதத்தில் காலணி அளவுக்குக் கொப்புளம். அந்தக் கருத்த கைதான் எனக்குக் காட்டப்பட்ட அறிகுறி, நான் பார்த்தும் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் நிறத்தைக் கேட்பதை விட்டுவிட்டேன். வேலையைத்தான் கேட்கிறேன்: பூ கட்ட முடிகிறதா, சூடான டம்ளரைப் பிடிக்க முடிகிறதா, புளி கரைத்தால் எரிகிறதா, செருப்பில்லாமல் பாத்ரூம்வரை போக முடிகிறதா.

கருத்து, மரத்து, கொஞ்சம் சுருக்கென்று குத்தினாலும் எல்லா வேலையும் செய்ய முடிகிறது என்றால் அது முதல் நிலை. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே கவனிப்போம். வலித்து, உரிந்து, கொப்புளம் வந்து, சமையலோ கடை வேலையோ தடைப்பட்டால் இரண்டாவது நிலை. தானாகக் குளிக்கவோ உடுத்தவோ சாப்பிடவோ முடியாதபடி ஆகிவிட்டால் மூன்றாவது. கொக்கியை நீங்கள் மாட்டிவிடுகிறீர்கள் என்றால் உங்கள் அம்மா இரண்டைத் தாண்டி மூன்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இன்றைக்கே போன் என்றேன்.

உடைந்த கொப்புளத்தை இப்போதைக்கு மென்மையான சோப்பும் சுத்தமான தண்ணீரும் விட்டுக் கழுவுங்கள். ஒற்றித் துடைத்து, வாசலின் மெல்லிசாகப் பூசி, காஸ் துணியால் மூடுங்கள். தொங்கும் தோலைக் கத்தரிக்க வேண்டாம், பிய்க்கவே கூடாது. மஞ்சள், சுண்ணாம்பு, பேஸ்ட், பவுடர் எதுவும் வேண்டாம். சீழ் வைத்தாலோ, சுற்றிலும் வீங்கினாலோ, கெட்ட வாடை வந்தாலோ அன்றே காட்ட வேண்டும். மற்ற இடங்களுக்குப் பானைத் தண்ணீர் போதும். ஃப்ரிட்ஜ் ஐஸை நேரடியாக வைக்காதீர்கள். அகலப் பாத்திரத்தில் குளிர்ந்த தண்ணீர் விட்டு 10, 15 நிமிடம் கையையும் காலையும் வைக்கச் சொல்லுங்கள். பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் முழுதாகக் காய்வதற்குள் க்ரீம் போட்டுவிட வேண்டும். ராத்திரி பருத்தி சாக்ஸ் மாட்டிக்கொண்டு படுத்தால் க்ரீம் பாயோடு போகாது. டாக்டர் பார்த்துவிட்டுச் சில நாளைக்கு ஸ்டீராய்டு களிம்பு எழுதலாம். அதை அவர் சொன்ன நாளோடு நிறுத்திவிடுங்கள்.

எந்த க்ரீம் என்று கேட்டால், புண் மூடிய பிறகு 10 சதவீத யூரியா க்ரீம். ‘வயலுக்குப் போடுற யூரியாவா?’ என்று வார்டில் எல்லோரும் சிரிப்பார்கள். அதே யூரியாதான், தோலில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் அதற்கு உண்டு. உரக்கடை மூட்டையைப் பிரித்து நீங்களே குழைக்காமல் இருந்தால் சரி. ஒரு நாளைக்கு மூன்று தடவை. வெடிப்பிலும் பச்சைப் புண்ணிலும் பட்டால் எரியும் என்பதால் ஆறிய தோலுக்கு மட்டும். காசு யோசித்தால் வாசலின் இருக்கிறது, தேங்காயெண்ணெய் இருக்கிறது. விலையைவிட எத்தனை முறை போடுகிறோம் என்பதுதான் கணக்கு. 400 ரூபாய் ட்யூபை வாங்கி ‘தீர்ந்துபோயிடும்’ என்று பீரோவில் பூட்டி வைத்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அடுத்தது அம்மாவின் நான்காவது சுற்றுக்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி. டெல்லி எய்ம்ஸில் கேபெசிட்டபின் சாப்பிட்ட 264 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு 1 சதவீத டைக்ளோஃபினாக் ஜெல், மறு பாதியினருக்கு மருந்தில்லாத ஜெல் கொடுத்துப் பார்த்தார்கள். தினமும் இரண்டு வேளை, 12 வாரம், உள்ளங்கையில் பூச வேண்டும். கொப்புளம், வலி என்று போகும் இரண்டாம் மூன்றாம் நிலை, வெறும் ஜெல் பூசியவர்களில் 15 சதவீதம் பேருக்கு வந்தது. டைக்ளோஃபினாக் பூசியவர்களில் 3.8 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மூட்டு வலிக்கு வாங்கும் சாதாரண மருந்து, விலையும் குறைவு, நம் நாட்டுக் கைகளிலேயே சோதித்தது. ஆனால் கவனியுங்கள்: இது வராமல் தடுக்கப் பூசுவது, உடைந்த தோலில் பூசுவதல்ல. இன்னொன்று, மெடிக்கல் ஷாப்பில் போய் வலி ஜெல் கேட்டால் மென்தாலும் மீத்தைல் சாலிசிலேட்டும் கலந்ததை எடுத்துத் தருவார்கள். நெற்றியில் தடவினாலே சுரீர் என்கிற சாமான் அது. உரிந்த கையில் பட்டால் அம்மா என்னைச் சபிப்பார். டைக்ளோஃபினாக் மட்டும் உள்ளதா என்று அட்டையைப் படித்து, டாக்டர் சரி என்ற பிறகே வாங்குங்கள். மாவு தொடும் கை என்பதால், கடை முடிந்து ஒரு தடவை, படுக்கும்போது ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளலாம்.

வைட்டமின் பி6 மாத்திரை கொடுக்கும் பழக்கம் நெடுநாளாக இருக்கிறது. நானே எத்தனையோ பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்த்த சோதனைகளில் பெரிய பலன் தெரியவில்லை. அதைவிட முக்கியம், அம்மா வேறு ஏதாவது சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ‘உடம்பு தேறணும்’ என்று யாராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அதில் போலிக் அமிலம் இருந்தால் இந்த மருந்தின் பக்கவிளைவைக் கூட்டிவிடலாம். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் இரண்டுக்கும் இதோடு ஒத்துப்போகாது. வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு டாக்டர் மேஜையில் கொட்டிவிடுங்கள். எங்களுக்கு அதுதான் வசதி.

இப்போது சித்தியின் மருதாணி. சித்தி ஒன்றும் ஊரில் இல்லாததைச் செய்யவில்லை. துருக்கியில் இரண்டு மருத்துவர்கள் இதே மாத்திரையால் கை கால் எரிந்த 10 பேருக்கு மருதாணி பூசி, எரிச்சல் குறைந்ததாக 2008இல் எழுதியிருக்கிறார்கள். பத்துப் பேர்தான், ஒப்பிட்டுப் பார்க்க மருதாணி பூசாத இன்னொரு குழுவும் இல்லை. அதை வைத்து மருந்து என்று சொல்ல முடியாது. ஆனாலும் கொல்லையில் பறித்து அம்மியில் அரைத்த இலையை, உடையாத தோலில் போடுவதை நான் தடுத்ததில்லை. கோன் விஷயம் வேறு. சீக்கிரம் கருஞ்சிவப்பாகப் பிடிக்க வேண்டும் என்று சில கோன்களில் தலைச்சாயத்தில் சேர்க்கும் பிபிடி என்ற ரசாயனம் கலக்கிறார்கள். நல்ல தோலையே கொப்புளிக்க வைக்கும் சாமான் அது. அம்மாவின் கொப்புளத்தில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, கோனின் பங்கு எவ்வளவு என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். எந்தத் தேதியில் கோன் போட்டது என்பதையும் சொல்லுங்கள், முடிந்தால் காலிக் கோனையும் எடுத்துப் போங்கள். மருதாணிச் சிவப்பு கையில் இருக்கும்வரை உண்மை நிறம் எங்களுக்குத் தெரியாது என்பது இன்னொரு தொல்லை.

கால் பக்கம் ஒரு செலவு செய்யுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கும் எம்.சி.ஆர். செருப்பு, ஒரு சைஸ் தளர்வாக, பின்பட்டையுடன். வீட்டுக்குள்ளும் அதைப் போட வேண்டும். கட்டைவிரல் இடுக்கில் வார் உரசும் ரப்பர் செருப்பு வேண்டாம். சுடுதண்ணீரில் கால் கழுவுவது, வெயில் நேரத்தில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலில் சுற்றுவது இரண்டும் மாத்திரை முடியும்வரை இல்லை. சாமி கும்பிடவேண்டும் என்றால் விடியற்காலையில், கல் குளிர்ந்திருக்கும்போது போய் வரட்டும்.

ரேஷன் கடைக் கதைக்கு வருவோம். சிங்கப்பூர்க்காரர் ஒருவர், வயது 62, இதே மாத்திரையை நீண்ட நாள் சாப்பிட்டவர், 2008 டிசம்பரில் உறவினரைப் பார்க்க அமெரிக்கா போனார். விமான நிலையத்தில் விரலை வைத்தால் ரேகையே விழவில்லை. நான்கு மணி நேரம் உட்கார வைத்துவிட்டுத்தான் விட்டார்கள். அவருடைய டாக்டர் அதை மருத்துவ இதழில் எழுதி, இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெளிநாடு போனால் கையில் கடிதம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நமக்கு விமான நிலையம் தேவையில்லை, சர்க்கரையும் பருப்பும் வாங்கப் போனாலே அதே கதை. அம்மாவின் விரல் ரேகை மாத்திரை நின்ற பிறகு திரும்பி வரும். நெதர்லாந்தில் அளந்து பார்த்ததில் 2 முதல் 4 வாரத்தில் வந்துவிட்டது. கை எரிச்சல் இல்லாதவர்களுக்கும் ரேகை அழிவது உண்டு என்பதையும் அதில்தான் கண்டார்கள். அதுவரை, குடும்ப அட்டையில் பெயர் உள்ள நீங்களோ தம்பியோ போய் ரேகை வைத்தால் போதும். கண் கருவிழியைப் படிக்கும் கருவி உள்ள கடையாக இருந்தால் அம்மாவே போகலாம். வங்கிக்கும் வேறு ஆதார் வேலைக்கும் போகும்போது, ‘கீமோ மாத்திரையால் கைரேகை மங்கியுள்ளது’ என்று டாக்டரிடம் ஒரு வரி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விரலை மெஷினில் அழுத்தி அழுத்தித் தேய்க்க மட்டும் விடாதீர்கள். ‘ஈரத்துணியில துடைச்சு நல்லா அழுத்துங்கம்மா’ என்று கடைக்காரர் நல்லெண்ணத்தில்தான் சொல்வார், தோல் கழன்றுவிடும்.

தெரு அண்ணனுக்கு அம்மாவின் மருந்து ஆகாது. மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. எர்லோடினிப், ஜெஃபிடினிப், ஓசிமெர்டினிப் வகையாக இருந்தால், அவை கட்டியில் தடுக்கும் அதே சமிக்ஞை தோலிலும் முடி வேரிலும் இருப்பதால் முதல் ஓரிரு வாரத்தில் முகத்திலும் மார்பிலும் பரு போல வரும். பார்க்கப் பரு, உள்ளே வேறு. விடலைப் பையன்கள் போடும் பரு க்ரீமைப் போட்டால் தோல் இன்னும் காய்ந்து வெடிக்கும். சில சிவப்பழகு க்ரீம்களில் ஸ்டீராய்டு ஒளிந்திருக்கும், அதுவும் வேண்டாம். டாக்டர்கள் இதற்குப் பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் லேசான ஹைட்ரோகார்டிசோன் க்ரீமும் கொடுப்பார்கள், வெயிலுக்கு சன்ஸ்கிரீன் எழுதுவார்கள். டாக்ஸிசைக்ளின் சாப்பிடும்போது வெயில் இன்னும் கூடுதலாகத் தாக்கும், தொப்பியோ துண்டோ அவசியம். நக ஓரம் வீங்கினால் அதையும் காட்டச் சொல்லுங்கள். இது ஒட்டிக்கொள்ளும் நோயில்லை என்பதை அவருக்கும், அவருக்கு முடி வெட்டுகிறவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். சலூனில் உட்கார விடவில்லை என்று அழுதவரை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் இவருக்கோ அம்மாவுக்கோ, உடம்பெங்கும் தோல் கழன்று வாயும் கண்ணும் சேர்ந்து புண்ணானால் அது முற்றிலும் வேறு விஷயம், ராத்திரி இரண்டு மணியானாலும் கிளம்ப வேண்டும்.

கடைசியாகக் கடை. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அம்மாவின் மனதில் அதுதான் ஓடிக்கொண்டிருக்கும். கடையை மூட வேண்டியதில்லை. எந்த வேலை யார் கைக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. ஆவி பறக்கும் தட்டைத் தூக்குவது, தண்ணீர் தெளித்து இட்லித் துணியைப் பிரிப்பது, தேங்காய் துருவுவது, சட்னிக்கு மிளகாயும் புளியும் தொடுவது, ஸ்டீல் நார் போட்டுப் பாத்திரம் தேய்ப்பது இவை ஐந்தும் அம்மாவிடமிருந்து போக வேண்டும். ரப்பர் கையுறை மாட்டினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள், உள்ளே வியர்த்துச் சூடு தங்கும். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் உள்ளே பருத்திக் கையுறை, அதுவும் கொஞ்ச நேரத்துக்கு. மாவு பதம் பார்க்க ஒரு கரண்டி போதும். உப்புச் சரியா என்று நாக்கில் வைத்துச் சொல்வதற்கும், கல்லாவில் உட்கார்ந்து ‘அண்ணாச்சிக்கு இன்னும் ரெண்டு வை’ என்று அதட்டுவதற்கும் உள்ளங்கை வேண்டியதில்லை. துணி பிரிக்கும் தம்பிக்கு இரண்டு நாள் பிய்ந்த இட்லிதான் வரும், சாப்பிடுகிறவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

இப்போது போனை எடுங்கள். மாலை நான்கு மணிக்குள் பேசினால் ஓ.பி.யில் ஆள் இருப்பார்கள்.